வெள்ளைக்கழிச்சல் வந்த வருஷம்

பாப்பாவுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. நான் அப்போதுதான் ரோட்டு வேலை முடிந்து வந்து, காலில் ஒட்டியிருந்த தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வாசித்துக் காட்டச் சொல்லிக் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள், என்னை ஒரு காலைக்கூட முழுசாகத் துடைக்க விடவில்லை. ஆவணியில் உன் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தனுப்பிய ஒரு சேவலும் ஐந்து பெட்டையும் உடையார்பாளையம் மண்ணில் நன்றாக மேய்கின்றன என்று போன மாதம் எழுதியிருந்தாய். இப்போது அதில் இரண்டு செத்துவிட்டன, மூன்றாவது இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் மாமியார் பெரிய மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார், மாப்பிள்ளை முந்திரிக்கொல்லையில் வேலையாக இருக்கிறார், செத்த இரண்டையும் யாருக்கும் தெரியாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் புதைத்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் எழுதினாயே, அதை நான் இரண்டு தடவை வாசித்தேன்: "அத்தை வர்றதுக்குள்ள அதே நெறத்துல ரெண்டு கோழி புடிச்சு யாருக்கும் தெரியாம கொண்டாந்து குடுத்துடுங்கப்பா. புது மருமக வந்த நேரம் கோழி எல்லாம் போச்சுன்னு தெருவுல ஒரு பேச்சு வந்துடும்."

வாசித்து முடித்ததும் உன் அம்மா என் கையிலிருந்து கடுதாசியை வாங்கி நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள்: "கோழி கொண்டாற மாட்டோம்னு எழுதுங்க. சீக்கு என்ன, என்ன செய்யணும்னு நான் சொல்றேன், அதையும் எழுதுங்க. அதுக்கப்புறம் நீங்க எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு. அதை நான் சொல்ல மாட்டேன்." அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அதனால்தான் கடுதாசி நீளமாகப் போகிறது. இன்லேண்டில் இடம் போதாது என்று நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

முதலில் கோழி விஷயம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் நீ உடனே வேலையைப் பார்க்கப் போய்விடாதே, கொஞ்ச நேரம் நின்று பார். நல்ல கோழி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வெளியே ஓடும், நேராகக் குப்பைமேட்டுக்குப் போய்க் கிளறும். சீக்குக் கோழி கடைசியில் வரும். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மார்கழிக் குளிரில் நிற்பதுபோல இறகை உப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே கண்ணை மூடும். கொண்டையைப் பார், சிவப்பு மாறிக் கறுத்திருக்கும். பஞ்சாரத்துக்குள்ளே குனிந்து கழிச்சலைப் பார். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி வெள்ளையாகவும், அதில் தழையைக் கசக்கிய மாதிரி பச்சையாகவும் இருந்தால் அது வெள்ளைக்கழிச்சல். மூச்சு விடும்போது தொண்டையில் கொரகொரவென்று கேட்கும். தலைகீழாகத் தூக்கினால் வாயிலிருந்து நாற்றத்தோடு தண்ணீர் ஒழுகும். இரண்டு மூன்று நாள் போனால் காலை இழுக்கும், கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். சில கோழி இதற்கெல்லாம் முன்னாடியே ஓடு இல்லாமல் தோல்முட்டை போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அதேதான் என்கிறாள் அம்மா.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் பரு பருவாகக் கட்டியிருந்தால் அது வேறு. அது அம்மை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கண்ணை உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் மாட்டாஸ்பத்திரியில் ஒரு தூள் கொடுப்பார்கள், சீக்கிரம் போய் வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்தால் காப்பாற்றலாம். ஆனால் வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது பாப்பா. மிளகும் பூண்டும் அரைத்து உருட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறோம், சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருக்கிறோம், புகை போட்டிருக்கிறோம். பிழைத்தது தானாகப் பிழைத்தது, நாங்கள் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டோம். இன்னும் சீக்கு ஒட்டாத கோழிக்கு முன்கூட்டியே போடும் ஊசி ஒன்றுதான் வழி.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது இது. தொங்கி நிற்கும் கோழியைத் தனிப் பஞ்சாரத்தில், மற்றதெல்லாம் மேயும் இடத்துக்கு எட்டாமல் கவிழ்த்து வை. அதற்குத் தனிச் சட்டியில் தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி. நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி போடு, சீக்குக் கோழிக்குக் கடைசியில் போடு, போட்டுவிட்டுக் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவு. நீ வைக்கோல் போருக்குப் பின்னால் தோண்டிய குழி ஆழமாக இருக்காது, எனக்கு உன்னைத் தெரியும். நாய் கிளறி இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் மாப்பிள்ளையை விட்டு இடுப்பளவு குழி தோண்டச் சொல்லி, சுண்ணாம்பைக் கொட்டி மூடச் சொல். கூண்டில் கிடக்கும் கூளத்தையெல்லாம் கூட்டிக் கொளுத்து. ஒரு கோழியும் வாசலைத் தாண்டக் கூடாது, விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. நாங்கள் புதுக்கோழி கொண்டு வந்தால் அந்த வாசலில் அதுவும் ஒரு வாரத்தில் விழும். கொண்டு வர மாட்டோம் என்று சொன்னதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நான் எழுத வேண்டிய கதையில் இருக்கிறது.

நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது. மாசி மாதம், இதே மாதிரி வெயில் ஏற ஆரம்பித்த சமயம். அப்போது நம் வீட்டில் சேவல், பெட்டை, விடலை எல்லாம் சேர்த்து இருபத்துமூன்று உருப்படி இருந்தன. எல்லாம் உன் அம்மா வளர்த்தது. நான் ரோட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து முட்டையைத் தின்பேன், அதோடு சரி. உனக்கென்று ஒரு கோழி இருந்தது. கறுப்பு உடம்பில், நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. பொட்டு என்று பெயர் வைத்தாய். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீ கொண்டுவரும் உப்புமாவுக்காகத் தெருமுனை வரைக்கும் வந்து நிற்கும்.

ஒரு நாள் சிறுவாச்சூர் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் சேவல் விற்றுக்கொண்டிருந்தார். நெருப்பு மாதிரி இறகு, நல்ல உயரம். எனக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பார்த்ததும் பிடித்துப் போய்விட்டது. வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்த வூட்டுக் கோழியோ என்னவோ. பத்து பதினஞ்சு நாளைக்குத் தனியா கட்டிப் போடுங்க" என்றாள். "ராஜா மாதிரி இருக்கான், இவனுக்கா சீக்கு?" என்று சொல்லி, அவள் அந்தப் பக்கம் போனதும் மற்ற கோழிகளோடு அவிழ்த்து விட்டேன். ஆறாம் நாள் அந்த ராஜா கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தான். எட்டாம் நாள் விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் நான்கு செத்துக் கிடந்தன. அதற்கப்புறம் தினமும் இரண்டு, மூன்று. உன் அம்மா பருத்தி எடுக்கப் போவதற்கு முன்னால் குழி தோண்டுவாள், வந்த பிறகும் குழி தோண்டுவாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருவில் எல்லாருக்கும் அதே கதி. அப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு, விழுவதற்குள் விற்றுவிடு என்பதுதான். சந்தை நாள் காலையில் சைக்கிள் சைக்கிளாகக் கோழி போனது. உன் அம்மா முதல் நாளே, "நம்ம வூட்டுலேர்ந்து ஒண்ணுகூடப் போவக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். அவள் பருத்தி எடுக்கப் போனாள், நீ பள்ளிக்கூடம் போனாய். பஞ்சாரத்தில் பார்க்க நன்றாக இருந்த கோழி ஒன்பது. அதில் ஏழைக் காலைச் சேர்த்துக் கட்டி ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பெரம்பலூர் சந்தைக்கு மிதித்தேன். ஏழாவது உன் பொட்டு.

ஆறு கோழியை ஒரு வியாபாரி மொத்தமாக வாங்கிக் கூடையில் போட்டுப் பஸ் மேலே ஏற்றிவிட்டார். அந்த ஆறும் எந்த ஊருக்குப் போயின, அங்கே எத்தனை வீட்டைக் காலி செய்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொட்டுக்கோழியை மட்டும் ஒரு அம்மா தனியாக வந்து கேட்டார். உன் அம்மா வயதுதான் இருக்கும். கோழியை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இது அடையில உக்காருமாண்ணே?"

"உக்காரும்மா. போன தடவ பதினோரு குஞ்சு பொரிச்சுது."

"சீக்கு கீக்கு ஒண்ணுமில்லியே? எங்க வூட்டுல பதினெட்டு உருப்படி கெடக்கு. அந்த முட்டையிலதான் எங்க பொழப்பே ஓடுது."

அதன் காலைப் பிடித்திருந்த என் கைக்குத் தெரிந்தது, கால் சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல. "நல்ல கோழிம்மா" என்றேன். அந்த அம்மா தன் பெயர் சின்னப்பொண்ணு என்றும், அரியலூர் ரோட்டில் இன்ன ஊர், ரைஸ்மில்லுக்குப் பின்னால் வீடு என்றும், குஞ்சு பொரித்தால் அந்தப் பக்கம் வரும்போது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்லிவிட்டுப் பொட்டுவை மடியில் கட்டிக்கொண்டு போனார். நான் கேட்காமலேயே சொன்னார் பாப்பா. அவ்வளவு நம்பிக்கை.

சாயங்காலம் நீ வந்து பொட்டு எங்கே என்று கேட்டாய். செத்துப் போய்விட்டது, முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன் என்றேன். அங்கே புதுமண் இருந்தது நிஜம். அதற்குள்ளே கிடந்தது நான் வாங்கி வந்த சேவல். நீ கனகாம்பரம் பறித்து அதன் மேல் வைத்து அழுதுகொண்டிருந்தாய். உன் அம்மா வந்து பார்த்தாள். பஞ்சாரத்தில் இருந்த இரண்டையும் பார்த்தாள். உன்னைத் தண்ணீர் எடுத்து வர அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"மீதி எங்க?"

"சந்தைக்குக் கொண்டு போனேன்."

"வித்துட்டீங்களா?"

"எல்லாருந்தான் வித்தாங்க."

"எல்லாரையும் நான் கேக்கல. யாரு வாங்குனா?"

சொன்னேன். கேட்டுவிட்டு மடியில் ஒட்டியிருந்த பருத்தியை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். "பதினெட்டு உருப்படின்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, பழைய சோறுதான். சாப்பிடும்போது, "நாளைக்கு நீங்க வேலைக்குப் போவ வேண்டாம். மொத பஸ்ஸுல போயி அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வருவோம்" என்றாள். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். ஊர் சரியாக ஞாபகம் இல்லை என்றேன். "ரைஸ்மில்லுக்குப் பின்னாடின்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள்.

உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் போனதற்கு அப்போது உன்னிடம் என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை. அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி, மில்லைத் தாண்டி நடந்தோம். சின்னப்பொண்ணு வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "என்னண்ணே, அதுக்குள்ள குஞ்சு பாக்க வந்துட்டீங்களா?" என்றார். நான் சொல்வேன் என்று உன் அம்மா சும்மா நின்றாள். சொன்னேன். எங்கள் வீட்டில் கோழி ஒரு வாரமாகச் சாகிறது, உங்களுக்குக் கொடுத்ததும் சீக்கு வீட்டுக் கோழி, தெரிந்துதான் கொடுத்தேன் என்றேன்.

அந்த அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "வெக்கமா இல்லியா ஒனக்கு? கண்ணெதுர நின்னு நல்ல கோழின்னு சொன்னியே?" என்றார். முதல் நாள் அண்ணே என்று கூப்பிட்ட வாய். தெருவில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். உன் அம்மாதான், "வெக்கமாத்தாங்க இருக்கு. அதான் வந்திருக்கோம். கோழி எங்க இருக்குன்னு மொதல்ல காட்டுங்க, திட்டுறத அப்புறம் திட்டுங்க" என்றாள்.

நல்லவேளை, சின்னப்பொண்ணுக்கு என்னைவிடப் புத்தி அதிகம். புதுக்கோழி என்று மற்றதோடு விடாமல் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆனால் எல்லாக் கோழிக்கும் தண்ணீர்ச் சட்டி ஒன்றுதான். பொட்டு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. உன் அம்மா சின்னப்பொண்ணைக் கூட்டிக்கொண்டு நேராகப் பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள், பின்னாலேயே நானும் போனேன். அங்கே இருந்த கம்பவுண்டர் வயசாளி, பொறுமையாகப் பேசினார். "சீக்கு வந்ததுக்கு ஊசி போட்டுப் பிரயோசனம் இல்லம்மா. நல்லா இருக்கறதுக்குத்தான். ஒரு பாட்டில ஒடைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள அத்தனையும் போட்டு முடிக்கணும், இல்லாட்டி கெட்டுப் போயிடும். பதினெட்டுக் கோழிக்கு ஒடைக்க முடியாது. நூத்தம்பது கோழி சேத்து வையிங்க, ஐஸ் நீங்க கொண்டாங்க. நாளைக் கழிச்சு விடியக்காலம் வரேன். அதுவரைக்கும் ஒரு கோழியையும் தொறந்து வுடாதீங்க" என்றார்.

சின்னப்பொண்ணு ஊரில் பாதிப் பேர் சம்மதிக்கவில்லை. ஊசி போட்டால் முட்டை நின்றுவிடும் என்றார்கள். ஒரு தாத்தா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "மனுஷனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி முடிச்சு இப்பக் கோழிக்கும் வந்துட்டாங்களா?" என்று கேட்டார், தெருவே சிரித்தது. உன் அம்மா ஒரே ஒரு வேலைதான் செய்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னை முன்னால் நிறுத்தி, "என்ன நடந்துதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். எங்கள் வீட்டில் இருபத்துமூன்று இருந்தது, இப்போது இரண்டு இருக்கிறது, நான் சேவல் வாங்கி வந்தேன், தனியாகக் கட்டவில்லை, சீக்குக் கோழியை உங்கள் ஊருக்கு விற்றேன். முதல் வீட்டில் எனக்கு நாக்குக் குழறியது. ஐந்தாவது வீட்டில் குழறவில்லை. பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் நான் சொல்வதைக் கேட்கவே ஆட்கள் எங்கள் பின்னால் வந்தார்கள்.

ஒரு வீட்டில் நான் சொல்லி முடித்ததும் அந்த வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். குப்பைக்குழிக்குப் பக்கத்தில் மூன்று கோழியைப் புதைத்திருந்தார். பொட்டு அந்த ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே செத்தவை. பேச்சு வரும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். அதைக் கேட்டதும் என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும், "அது அவங்க வூட்டுச் சீக்கு. நாம கொண்டாந்தது நம்மளுது. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கலக்காதீங்க" என்றாள்.

கம்பவுண்டர் சொன்ன நாளில் ஊசிமருந்தைச் சில்லென்று வைத்திருக்க நான் டீக்கடையில் ஃபிளாஸ்க் இரவல் வாங்கி, முதல் நாளே சொல்லிவைத்திருந்த ஐஸைத் தவிட்டுச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு, இருட்டு பிரிவதற்குள் உன் அம்மாவோடு சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். மில் வாசலில் பெண்கள் பஞ்சாரங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். சேவலெல்லாம் பஞ்சாரத்துக்குள்ளேயே கூவின. நான் கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துக் காட்டுவேன், கம்பவுண்டர் இறகை ஊதி விலக்கித் தோலுக்கடியில் ஊசியைப் போடுவார், உன் அம்மா வாங்கி அந்தந்த வீட்டுக்காரரிடம் கொடுப்பாள். வெயில் வருவதற்குள் நூற்று அறுபத்து மூன்று கோழி. என் கையெல்லாம் கீறல். முடிந்ததும் கம்பவுண்டர் என்னைப் பார்த்து, "புடிக்கிறதுக்கு நல்ல கை" என்றார். அந்த நாலு நாளில் என்னைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

எல்லாம் பிழைத்தது என்று எழுத ஆசைதான். சின்னப்பொண்ணு வீட்டில் பதினெட்டில் நான்கு செத்தன, ஊசிக்கு முன்னாலேயே சீக்கு தொட்டவை. ஊரில் வேறு வீடுகளிலும் ஏழெட்டுப் போயின. மற்றதெல்லாம் நின்றன. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் கோழி கூவிய ஊர் அது ஒன்றுதான் என்று கம்பவுண்டர் பிற்பாடு சொன்னார். நம் தெருவில் எதுவும் மிஞ்சவில்லை. நம் வீட்டு இரண்டும் அதற்குள் போய்விட்டன.

பொட்டு சாகவில்லை பாப்பா. சின்னப்பொண்ணு அதைத் தனியாகவே வைத்து, துணித்திரியில் கஞ்சி நனைத்து வாயில் பிழிந்து பிழிந்து பிழைக்க வைத்துவிட்டார். கழுத்து மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றுவிட்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே தரையில் கொத்தும், நாலு கொத்துக்கு ஒன்றுதான் தீனியில் விழும். நாங்கள் திருப்பிக் கேட்டபோது, "ஒங்க கையில குடுக்க மாட்டேன். இது இனிமே எங்க வூட்டுக் கோழி" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் அந்தக் கழுத்தோடு அடையில் உட்கார்ந்து ஏழு குஞ்சு பொரித்தது. நான் போய்ப் பார்த்தேன். அதற்குள் அவர் மறுபடியும் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். உன் கல்யாணத்தில் உன் கன்னத்தைத் தடவிவிட்டு, "இதுதான் அந்தப் பொண்ணா?" என்று கேட்டாரே ஒரு அம்மா, யாருப்பா அது என்று நீ கேட்டதற்குச் சந்தைப் பழக்கம் என்று நான் சொன்னேனே, அவர்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் பயம். பொட்டு உயிரோடு இருக்கிறது என்று சொன்னால், ஏன் அங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நீ ஒரு மாதம் தினமும் பூ வைத்தாய், அப்புறம் நிறுத்திவிட்டாய். நிறுத்திவிட்டாளே, இனிமேல் எதற்கு என்று நினைத்தேன். முன்பின் தெரியாத ஊரில் முப்பது நாற்பது வாசலில் நின்று சொல்லிவிட்டேன், என் வீட்டு வாசலில் சொல்ல எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. உன் அம்மா ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நீங்க சொன்ன பொய்ய நான் சொல்லி அழிக்க மாட்டேன்" என்று அப்போது சொன்னாள், அதோடு விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை உன் கடுதாசியில் "யாருக்கும் தெரியாம" என்று எழுதியிருந்ததை நான் வாசித்தபோதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் எழுத்தை உன் கையில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அதனால் சொல்கிறேன். இந்தக் கடுதாசி வந்த அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல். அவர் கோபக்காரர் இல்லை, நான் பார்த்தவரையில் நிதானமான பிள்ளை. மாமியாருக்கு ஒரு கார்டு எழுதிப் போடு, அவர் வந்து மற்றவர் வாயால் கேட்க வேண்டாம். அப்புறம் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல். பேச்சு வரும், வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கு உன் வீட்டுக்கு மட்டும் ஆகாயத்திலிருந்து வந்திருக்காது. உன் தெருவில் இன்னும் இரண்டு மூன்று வைக்கோல் போருக்குப் பின்னால் குழி இருக்கும். நீ முதலில் வாயைத் திறந்தால் அவர்களும் திறப்பார்கள். பிறகு மாட்டாஸ்பத்திரிக்குப் போய் எத்தனை கோழி சேர்க்க வேண்டும், எந்த நாள் வருவார்கள் என்று கேட்டு வை. மருமகள் வந்த நேரம் என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்று உன் அம்மாவிடம் கேட்டேன். கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "கோழி செத்தா மருமக வந்த நேரம்னா, ஊசி போட்டு மிச்சக் கோழி பொழைச்சா அதுவும் மருமக வந்த நேரந்தான்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன பதிலுக்கு இதுவரை யாரும் மறுபதில் சொன்னதில்லை.

நாங்கள் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி அரியலூர் வழியாக வருகிறோம். கோழி கொண்டு வர மாட்டோம், ஃபிளாஸ்க் கொண்டு வருகிறோம். இப்போது நம் வீட்டில் சொந்த ஃபிளாஸ்க்கே இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை நம் தெருவுக்கு ஊசி வரும்போது ஐஸுக்குப் போவது நான்தான், கோழி பிடிப்பதும் நான்தான். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது பாப்பா. விடியற்காலையில் கையில் ஒரு கோழியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, அப்புறம் மெதுவாக அடங்குமே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உன் அம்மா உங்கள் ஊர் மண் நம் வாசலுக்கு வரக் கூடாது என்று பழைய சேலையைக் கட்டிக்கொண்டுதான் வருவாளாம், திரும்பும்போது அங்கேயே துவைத்துப் போட்டுவிட்டு வேறு கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாளாம். சம்பந்தி வீட்டுக்கு இந்தச் சேலையிலா என்றேன். காதில் வாங்கவில்லை.

பொட்டு விஷயத்தில் உனக்கு என் மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான். வெள்ளிக்கிழமை நேரில் கேட்க முடியாமல் போனால், நாங்கள் திரும்பி வந்த பிறகு எழுது. மனதில் உள்ளதையெல்லாம் எழுது, அப்பாவாயிற்றே என்று குறைக்காதே. இங்கே கடுதாசியை வாசித்துக் காட்டும் ஆள் நான்தான். உன் அம்மாவை உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிப்பேன்.

அன்புள்ள
அப்பா